மும்முறை விளித்த பெயர்

கார்காலத்துக் காற்று கடலூர்க் கரையில் அலைகளை அறைந்து, கெடில ஆற்றைக் கலக்கி, மஞ்சக்குப்பத்துத் திடலின் மரங்களை உலுக்கி, வெள்ளாற்றைத் தாண்டித் தில்லைக் கோபுரங்களின் மேல் கருமுகிலைக் குவித்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், சிதம்பரத்தை அடுத்த ஓர் அரசுப் பள்ளியின் முற்றத்தில், கைப்பையினுள் செபமாலையை உருட்டியபடி, ரீட்டா என்னும் ஆசிரியை நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தாள்.

நடக்க மாட்டாளா, சொல்லுங்கள்! மூன்று ஆண்டுகள் மஞ்சக்குப்பத்துக் கல்வி அலுவலகப் படிகளில் ஏறி இறங்கி, பிள்ளைகளுக்கென்று ஆண்டுக்கொரு சட்டத் திருநாள் வேண்டுமென மன்றாடி, "ஒருமுறை நடத்திக் காட்டுங்கள், குழப்பமின்றி முடிந்தால் ஆண்டுதோறும் நடத்த ஆணை தருவோம்" என்ற சொல்லை வாங்கி வந்தவள் அவள். அன்றுதான் அந்த ஒருமுறை; அதைச் சீர்தூக்க வந்த அலுவலர் தேவநாதன் முன்வரிசையில் இருந்தார். அருகே தலைமையாசிரியர் நடனசபாபதி, வெளுத்த சட்டையும் விறைத்த கழுத்துமாய் அமர்ந்திருந்தார்.

மேடையில் மாணவியர் வழக்குமன்றம் நடித்தனர். நடுவராய் இளமதி அமர, வாயிலில் நின்று பெயரை மும்முறை கூவி அழைக்கும் பணி தமிழினிக்கு வாய்த்தது. கிள்ளை என்னும் கடற்கரையூரிலிருந்து தெருத்தெருவாய் மீன் கூவி விற்கும் தாயின் தொண்டை அவளுக்கு. ஒத்திகை பார்த்தபடியே முதல் வழக்கில் மாங்காய்த் திருடியாய் நடித்தவள் தண்டனை பெற்றாள், கைதட்டல் எழுந்தது, ரீட்டா மூச்சுவிட்டாள்.

விட்ட மூச்சு அடங்குமுன்னே, "அடுத்த வழக்கு" என்றாள் இளமதி. ஒத்திகையில் அப்படியொரு வழக்கே இல்லை!

"நண்பகலுக்குப் பின் பெண்பிள்ளைகளின் கழிப்பறை பூட்டப்படுகிறது. அதனால் நாங்கள் நாள்முழுதும் தண்ணீர் குடிப்பதில்லை" என்று வாசித்து அவள் தாளை மடித்ததும், தமிழினி வாயிலுக்குப் போனாள்.

"நடனசபாபதி!"

ஐயா இல்லை, சார் இல்லை. மன்றத்தில் எவர்க்கும் அடைமொழி கிடையாது என்று கற்றுக்கொடுத்தவள் ரீட்டாவேதான். தன் விரலே தன் கண்ணைக் குத்திவிட்டது.

தேவநாதன் வெடுக்கெனத் திரும்பினார். "இன்னாம்மா இது? நிறுத்தச் சொல்லுங்க. இல்லன்னா இதோட சரி, அடுத்த வருசம்லாம் கெடையாது."

ஒரு கையசைப்புப் போதும், திருநாள் நிலைத்துவிடும். ஆனால் நிலைத்த பின் ஆண்டுதோறும் மாங்காய்த் திருடியைத்தானே தண்டிக்க வேண்டும் என்று எண்ணியதும், அவளுக்கு அச்சத்தை மீறிச் சினம் வந்தது. "அது கூப்புடட்டும் சார்" என்றாள்.

"நடனசபாபதி!"

மூன்றாம் முறை விளிக்கையில் தமிழினியின் குரல் உடைந்தது. அப்போது தலைமையாசிரியர் எழுந்தார்; வேர்த்த முகத்தோடு மேடையேறி, கூண்டாக இட்டிருந்த நாற்காலியின் பின்னே நின்றார்.

"மத்தியானத்துக்கு மேல தண்ணி வராது. நாறுதுன்னு பூட்டுனேன். ஒங்க கஷ்டம் எனக்குத் தோணவே இல்லம்மா. தப்புதான்" என்றவர், திறவுகோலை எடுத்து நடுவர்முன் வைத்தார்.

தேவநாதன் வண்டியேறிப் போனார். கழிப்பறைக்குப் பூட்டு மீண்டும் ஏறவில்லை. அதன் கூரைமேல் தண்ணீர்த் தொட்டி ஒன்று ஏறியது. ஆணை மட்டும் வரவில்லை. நாள்தோறும் வந்த அஞ்சல்களைப் பார்த்துப் பார்த்து ரீட்டா சலித்தாள்.

மறு கார்காலத்தில், அதே நாளில், காலை வழிபாடு முடிந்து கலையப்போன பிள்ளைகளை நிற்கச் சொல்லிவிட்டு, ஓய்வுபெற நான்கே திங்கள் இருந்த நடனசபாபதி, தாமே ஒரு நாற்காலியை இழுத்துவந்து, பழையபடி கூண்டாக மேடை நடுவே போட்டார்.

ரீட்டா ஓடிவந்தாள். "சார், ஆர்டர் வரலியே சார்!"

"வரும்போது வரட்டும்" என்றவர், தமிழினியைத் தேடிக் கண்டுகொண்டார். "போம்மா, வாசல்ல நில்லு. மொதல்ல எம் பேரக் கூப்புடு. மூணு வாட்டி."

அன்பரே, அந்த ஆணை இன்றுவரை வரவில்லை. ஆயினும் ஆண்டுதோறும் கார்காற்று அலைக்கழிக்கும் அந்நாளில், அப்பள்ளி வாயிலில் ஒரு பெண்குரல் யாரேனும் ஒருவர் பெயரை அடைமொழியின்றி மும்முறை விளிக்கிறது. விளிக்கப்பட்டவர் எழுந்து வருகிறார். அறம் நம்மிடம் கேட்பது அவ்வளவுதான்.