காத்தமுத்துவின் இதயம் எழுந்து நின்ற வருடங்கள்

1979 ஆடி மாதம் மூன்றாம் செவ்வாய்க்கிழமை, திருவெறும்பூர் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த காத்தமுத்துவின் இதயம், இன்ஜினியர் உள்ளே வந்ததும் எழுந்து நின்றது. நின்ற இதயம் துடிக்கவில்லை. எட்டு வினாடியில் இன்ஜினியர் கடந்து போனார்; இதயம் மறுபடி உட்கார்ந்து வேலையைப் பார்க்கத் தொடங்கியது. பக்கத்து மேஜையில் வேலை பார்த்த ஸ்தனிஸ்லாஸ் அன்றிலிருந்து கடிகாரத்தைப் பார்த்து எண்ணிவந்தார். ஃபோர்மேனுக்கு மூன்று வினாடி, மேனேஜருக்குப் பதினைந்து. பஸ்ஸில் செக்கர் ஏறினால், கையில் டிக்கெட் இருந்தாலும், நான்கு. தபால்காரரின் காக்கிச் சட்டையைப் பார்த்து அரைகுறையாக எழுந்து, ஆள் தெரிந்ததும் உட்கார்ந்துவிடும்.

இதற்குக் காரணம் தேடி யாரும் வெகுதூரம் போகவில்லை. காத்தமுத்து ஸ்ரீரங்கத்தில் ஒரு வாழைத்தோப்பு மிராசுதாரின் மாட்டுக்கொட்டிலை ஒட்டி வளர்ந்தவர். அம்மா வீராயி சாணி அள்ளி முடிக்கும்வரை பிள்ளை கொல்லைவாசலில் நிற்க வேண்டும். உட்கார்ந்தால் மரியாதை இல்லை. ஐந்து வயதிலிருந்து பதினான்கு வயதுவரை அப்படி நின்றார். பள்ளிக்கூடத்தில் சிலேட்டு இல்லாததற்காக நின்றார், சிலேட்டு வந்தபிறகு பழக்கத்தில் நின்றார். பிற்பாடு வேலை கிடைத்து, சம்பளம் வந்து, கால்கள் அதையெல்லாம் மறந்துவிட்டன. இதயம் உள்ளே இருப்பதால் அதற்குச் செய்தி போய்ச் சேரவில்லை.

1981-ல் வினாடிகள் நீண்டன. இன்ஜினியருக்கு இருபது, மேனேஜருக்கு நாற்பது. உதடு நீலமானது. இப்படியே போனால் 1983 பொங்கல் முடிந்து மேனேஜர் வரும் நாளில் எழுந்த இதயம் திரும்ப உட்காராது என்று ஸ்தனிஸ்லாஸ் கணித்துச் சொன்னார். காத்தமுத்துவின் மனைவி பொன்னுத்தாய் அதுவரை இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவள், அன்றோடு சிரிப்பதை நிறுத்தினாள்.

மலைக்கோட்டைப் பக்கம் பெயர் பெற்ற டாக்டர் ஒருவரிடம் காத்தமுத்து தனியாகப் போனார். டாக்டரைக் கண்டதும் இதயம் எழுந்து நின்றது. ஸ்டெதஸ்கோப்பில் சத்தம் ஏதும் கேட்காததால், ஆள் இறந்துவிட்டதாக டாக்டர் சீட்டு எழுதினார். படித்தவர் சொன்னதை மறுப்பது முறையில்லை என்று காத்தமுத்து அசையாமல் படுத்திருந்தார். டாக்டர் அடுத்த அறைக்குப் போனதும் எழுந்து, சட்டையை மாட்டி, சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கடைவீதியில் தேங்காய் பன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"செத்துட்டேன்னு எழுதிட்டாரு புள்ள."

"நீங்களும் அப்படியே கேட்டுட்டு வந்துட்டீங்களாக்கும்?"

"பெரிய டாக்டரு. மூஞ்சிக்கு நேரா எப்படி இல்லேங்கிறது?"

அவர் தட்டை வாங்கிக்கொண்டு வழக்கம்போல அடுப்படி நிலையில் சாய்ந்து, நின்றபடி சாப்பிட்டார். பதினேழு வருடமாக அப்படித்தான். பந்தா இல்லாத மனுஷன் என்று அதைப் பொன்னுத்தாய் தெருவெல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். இப்போது அவரிடம் தான் சொல்லிவந்த சொற்களை மனசுக்குள் தேடிப் பார்த்தாள். வாங்க, சாப்பிடுங்க, போயிட்டு வாங்க எல்லாம் இருந்தன. உட்காருங்க மட்டும் இல்லை. தன் வீட்டுக்குள்ளும் ஒரு கொல்லைவாசல் இருந்ததையும், அதற்குக் காவலாகத் தானே நின்றதையும் நினைத்துத் தன் தட்டைத் தள்ளி வைத்தாள். மறுநாள் பஸ்ஸில் செக்கர் ஏறியதும் கணவன் காதருகே அந்தச் சொல்லைச் சொன்னாள். கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு சொல்கிறவளின் பேச்சை இதயம் உத்தரவாக எடுத்துக்கொள்ளவில்லை.

1982 கார்த்திகையில் கே.கே. நகரில் புதிதாகக் கிளினிக் வைத்திருந்த லூர்துராணி என்ற டாக்டரிடம் அவளே அவரை அழைத்துப் போனாள். லூர்துராணி ரயில்வேயில் கூலிவேலை பார்த்த கலாசி ஒருவரின் மகள். கன்னியாஸ்திரிகள் விடுதியில் இலவசமாகத் தங்கிப் படித்தவர். பணம் கட்டிய பிள்ளைகள் சாப்பிட்டு எழும்வரை சுவரோரமாக நின்றவர். காத்தமுத்துவின் இதயம் டாக்டருக்காக எழுந்தது. நாற்காலியை விட்டு எழுந்து வந்து ஸ்டெதஸ்கோப்பை வைத்த டாக்டரின் இதயம், வயதில் பெரியவருக்காக எழுந்தது. மற்றது உட்காராமல் தான் உட்காரக் கூடாது என்று இரண்டும் நின்றன.

"நீங்க முதல்ல உட்காருங்க."

"அதெப்படிங்கம்மா. நீங்க உட்காருங்க."

"பெரியவங்க நிக்கையில நான் எப்படிங்க."

ஒரு நிமிஷம் ஆயிற்று. இருவர் உதடும் ஒரே நீலத்துக்கு வந்தன. அறையில் காலியாக இருந்தது டாக்டரின் சுழல்நாற்காலி ஒன்றுதான். ரேஷன் ஆபீசில்கூடத் தரையில் குத்தவைத்தே பழகியவள் பொன்னுத்தாய். தன் நெஞ்சுக்குள்ளும் ஏதோ எழுந்துகொள்ள முண்டுவது அவளுக்குத் தெரிந்தது. அதற்கு முன்னால் அவள் போய் உட்கார்ந்துவிட்டாள். நாற்காலி அரைவட்டம் சுற்றிச் சுவர்ப் பக்கம் நின்றது. திருப்பத் தெரியாமல், சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தே சொன்னாள்.

"ரெண்டு பேரும் உட்காருங்க."

இரண்டு இதயங்களும் உட்கார்ந்த சத்தத்தில், வெளியே மருந்து கட்டிக்கொண்டிருந்த கம்பவுண்டர் காஜா மைதீன் அரிசி மூட்டை விழுந்ததென்று எட்டிப் பார்த்தார்.

பொங்கல் முடிந்து மேனேஜர் வந்தார். காத்தமுத்துவின் இதயம் பாதி எழுந்தது, யோசித்தது, உட்கார்ந்தது. ஸ்தனிஸ்லாஸ் அதோடு எண்ணுவதை விட்டுவிட்டார். லூர்துராணி அதற்குப்பின் வந்தவர்களிடமெல்லாம் சர்க்கரை, உப்பு, பீடி பற்றிக் கேட்டபின், சின்ன வயசுல உங்களை எங்க நிக்க வெச்சாங்க என்றும் கேட்டார். எவ்வளவு காலம் நின்றார்களோ அவ்வளவு சீக்கிரம் இதயம் சோர்ந்திருந்தது. சுமை தூக்குகிறவர்கள், பாத்திரம் தேய்க்கிறவர்கள் என்று வரிசை வாசலைத் தாண்டியது. செவ்வாய்தோறும் பொன்னுத்தாய் பஸ் ஏறி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்து, ஒவ்வொருவரையும் உட்காரச் சொல்லிவிட்டுப் போனாள்.

1986-ல் எடுத்த எக்ஸ்ரேயில் காத்தமுத்துவின் மார்புக்குள், இதயத்துக்கு அடியில், ஒரு சிறிய முக்காலி தெரிந்தது. எப்போது வந்தது என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. லூர்துராணி படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மூன்று கால்களையும் பார்த்தார். சீட்டில் 'ஆட்டம் இல்லை' என்று எழுதிவிட்டு, அடுத்தவரை வரச் சொன்னார்.