ரெஜ் நடந்துபோகும் வழி

“‘எங்கள் அனுமதியின் பேரில்’னு எழுது ஹிலரி, மூணே வார்த்தை...”

“எழுத மாட்டேன்னு காலையிலேர்ந்து சொல்லிட்டு...”

“அப்ப பேனாவை இப்படிக் குடு, நானே...”

“குடுக்க மாட்டேன். ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்னு வக்கீலம்மா சொன்னாங்கல்ல? அப்ப எனக்கும் ஒரு வாய் இருக்கு.”

“உனக்கு வாய் இல்லைன்னு இந்த ஊர்ல இதுவரைக்கும் யாரும் குறை சொன்னதில்லம்மா.”

வீடு விற்பவர்கள் நிரப்பித் தரவேண்டிய படிவம் சமையலறை மேசையில் கிடந்தது. வேலி யாருடையது, கூரை எப்போது மாற்றியது, சாக்கடை எந்தப் பக்கம் ஓடுகிறது, எல்லாவற்றுக்கும் ஹிலரியின் கணவன் க்ளைவ் மணிமணியாக எழுதிவிட்டான். மிச்சம் ஒரே கேள்வி. உங்கள் நிலத்தின் வழியே வேறு யாராவது போய்வருகிறார்களா?

போய்வருகிறார். பக்கத்து வீட்டு ரெஜ் டான்ஸ்லி. எண்பத்தொரு வயது. இருபத்திரண்டு வருஷமாக, காலை பதினோரு மணிக்கு, செடிவேலியில் இருக்கும் இடைவெளியில் நுழைந்து, ஹிலரியின் அவரைப் பாத்தி ஓரமாகவே நடந்து, தோட்டக் கோடியில் இருக்கும் மரக் கதவைத் திறந்துகொண்டு போவார். கதவுக்கு அந்தப் பக்கம் சர்ச்சின் கல்லறைத் தோட்டம். அங்கேதான் அவருடைய மனைவி பெரில் இருக்கிறாள். சாலை வழியாகவும் போகலாம்; ஆனால் அது ஒரு மைல் மேடு, நடைபாதை கிடையாது, டிராக்டர்காரர்கள் யாருக்காகவும் வேகத்தைக் குறைப்பதும் கிடையாது. இடுப்பு எலும்பை மாற்றிக்கொண்ட மனுஷனுக்கு அது ஆகிற காரியமா?

வீட்டை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து ஐந்து வருஷம் புதுப்பித்தவன் க்ளைவ். நடுச்சுவரை இடித்தான். தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் ஓட்டினான். ஜனவரியில்கூட வெறுங்காலோடு நடக்கலாம். பின்சுவர் முழுக்க மடித்துத் திறக்கும் கண்ணாடிக் கதவு. கைபேசியைத் தொட்டால் விளக்கு எரியும். சில நாள் எத்தனை தரம் தொட்டாலும் எரியாது, அது வேறு விஷயம். அவன் கை படாதது அந்தக் கோடிக் கதவு ஒன்றுதான். தாழ்ப்பாள் உடைந்து, வைக்கோல் கட்டுகிற நீலக் கயிற்றால் கட்டிக் கிடந்தது.

வாங்க வந்தவர்களிடம் இரண்டு பெரிய நாய்கள். தோட்டத்தை நாலுபக்கமும் அடைத்தாக வேண்டும், அதில் அடுத்தவர் நடமாட்டம் கூடாது, இல்லாவிட்டால் வீடே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

“வக்கீலம்மா என்ன சொன்னாங்க?” க்ளைவ் விரலை மடக்கினான். “இருபது வருஷம் ஒருத்தர் யாரையும் கேக்காம, யாரும் ‘வா’ன்னும் சொல்லாம, ‘வராதே’ன்னும் சொல்லாம, பட்டப்பகல்ல நடந்துட்டா, அது அவரோட உரிமை. யார் வாங்கினாலும் தடுக்க முடியாது. ஆனா நாம வாயைத் திறந்து ‘வாங்க’ன்னு சொல்லியிருந்தா, அது வெறும் தயவு. நம்மளோட போச்சு. அவ்வளவுதான் விஷயம்.”

“நல்ல சட்டம்! மூஞ்சியைத் தூக்கி வச்சுட்டு இருந்திருந்தா அந்த மனுஷனுக்கு வழி இருக்கும். நல்லதா நாலு வார்த்தை பேசினா வழி போயிடும்.”

“சட்டத்தை நானா எழுதினேன்? இது போச்சுன்னா ஜோசி வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளிப் பாத்திருக்கோமே, அந்த வீடும் போச்சு. நவம்பர்ல பிரசவம். ‘அம்மா, அதுக்குள்ள வந்துடுவீங்கல்ல?’ன்னு தினமும் கேக்கறா. உனக்கு வேணாமா?”

வேண்டாமா! தேதிவாரியாகப் பெட்டி கட்டி, எல்லாவற்றிலும் பேர் எழுதி ஒட்டி வைத்திருப்பவளே அவள்தான்.

“சும்மா கேக்கறேன். நீ அவர்கிட்ட ஒருதரம்கூட ‘வாங்க’ன்னு சொன்னதில்லையா? போஸ்ட்மேன் வீட்டு நாய் பேரு வரைக்கும் கேட்டு வச்சிருக்கிற நீ?”

“சொன்னதில்ல.”

சொல்லியிருந்தாள். பெரில் போன முதல் பிப்ரவரி. வேலி இடைவெளியில் ஒரு கை வெள்ளைப் பூக்களோடு, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, உள்ளே வரவும் தயங்கித் திரும்பவும் மனமில்லாமல் ரெஜ் நின்றுகொண்டிருந்தார். அப்போதிருந்த பழைய ஜன்னலைத் தள்ளித் திறந்து, “ரெஜ், இனிமே எங்களைக் கேக்கவே வேணாம். எப்ப வேணா இந்த வழியாப் போங்க” என்று குரல் கொடுத்தாள். க்ளைவ் வேலைக்குப் போயிருந்த நேரம். அதற்குப் பிறகு இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. கையை உயர்த்துவார், இவளும் உயர்த்துவாள். இருபத்திரண்டு வருஷப் பேச்சு அவ்வளவுதான்.

மணி பதினொன்று. செடிவேலி அசைந்தது.

“அவரையே கேட்டுடலாமே” என்று க்ளைவ் எழுந்தான்.

“க்ளைவ், வேணாம். வயசானவரு...”

“வழக்கா போடப் போறேன்? ஒரு கேள்வி.” கண்ணாடிக் கதவு நாலாக மடிந்து ஒதுங்கியது. “ரெஜ்! டீ குடிச்சுட்டுப் போங்களேன்.”

“இப்பதான்ப்பா ஆச்சு. வானத்தைப் பாத்தீங்களா? சாயங்காலம் ஊத்தும்.” ரெஜ் வாசல்வரை வந்து, வழுவழுத்த தரையைப் பார்த்துவிட்டு, சேற்று பூட்ஸோடு வெளியிலேயே நின்றார். கையில் மூன்று டாலியாப் பூ. “விலை படிஞ்சுடுச்சாமே? வர்றவங்க எப்படி, நல்லவங்களா?”

“நாய் வளக்கறவங்க” என்றாள் ஹிலரி.

“அப்ப நல்லவங்களாத்தான் இருப்பாங்க.”

“ரெஜ்,” க்ளைவ் கதவு நிலையில் சாய்ந்துகொண்டான். “ரொம்ப நாளா நம்ம தோட்டத்து வழியாத்தான் போறீங்க. அப்படிப் போங்கன்னு எங்க வீட்ல யாராவது உங்ககிட்ட சொன்னோமா? இல்ல, நீங்களா...”

“பூ வாடிடும் ரெஜ், நீங்க போயிட்டு வாங்க, அப்புறம்...” ஹிலரி குறுக்கே வந்தாள்.

“இரும்மா, நல்ல கேள்வி கேக்கறாரு.” ரெஜின் முகம் விரிந்தது. தொப்பியைக்கூடக் கழற்றிவிட்டார். “நானா நுழைவேனா? அந்த ஆள் நான் இல்லப்பா. உன் சம்சாரம்தான் சொன்னா. பெரிலைப் புதைச்சு ஒரு வாரம் இருக்கும். அந்தக் குளிர்ல ஜன்னலைத் திறந்து, இனிமே கேக்க வேணாம், எப்ப வேணா போங்கன்னா. ஊர்ல எல்லாரும் என்ன பேசறதுன்னு தெரியாம என்னைப் பாத்து வழி மாறிப் போன சமயம் அது. அந்த ஒரு பேச்சை நான் இன்னிக்கு வரைக்கும்...” பூவை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

க்ளைவ் ஹிலரியைப் பார்த்தான். கோபமாக இல்லை, கணக்கு நேராகிவிட்ட நிம்மதியோடு. மேசைக்குப் போய், அவள் ஒளித்து வைத்திருந்த பேனாவைத் தட்டுக்கடியிலிருந்து எடுத்தான்.

ஜோசி வீடு, நவம்பர், பேர் எழுதி ஒட்டிய பெட்டிகள். ஹிலரி வெதுவெதுப்பான தரையில் வெறுங்காலோடு நின்றாள். பிறகு வாசலைத் தாண்டி ஈரப் புல்லில் இறங்கி, ரெஜின் முகத்துக்கு நேராகப் போய் நின்றாள். உள்ளே இருப்பவனுக்கும் கேட்கும்படி உரக்கவே சொன்னாள்:

“அப்படி ஒரு வார்த்தை நான் சொன்னதே இல்ல, ரெஜ். நீங்களாத்தான் நடந்தீங்க.”