யாரு பேருக்கு?

மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தியதும் கொளஞ்சி முதலில் செருப்பைக் கழற்றினான். கழற்றி, புளியமரத்து வேரோரம் ஜோடியாக வைத்துவிட்டு, தேங்காயும் சூடமும் இருந்த மஞ்சள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். சித்திரை வெயில் காலையிலேயே உறைக்கத் தொடங்கியிருந்தது.

"வெயில் ஏறுனா பாறை கொதிக்கும்டா. மேல போயி கழட்டிக்கலாம்ல" என்றான் அறிவரசன்.

"வேண்டிக்கிட்டது அப்படி மாப்ள."

அறிவரசன் வண்டியைப் பூட்டிவிட்டு வந்தான். அந்த வேண்டுதலில் பாதி அவன் மகனுக்கானது.

போன வருஷம் ஐப்பசி மழைக்குப் பிறகு இரண்டு வீட்டிலும் ஒரே வாரத்தில் காய்ச்சல் வந்தது. அறிவரசனின் மகன் கபிலனும் கொளஞ்சியின் மகள் நிலாமதியும் பெரம்பலூரில் ஒரே பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு படித்தார்கள். ஒரே வேனில் போய் வந்தார்கள். டெங்கு என்று சொல்லி இருவரையும் திருச்சிக்கு அனுப்பினார்கள். அங்கே ஆஸ்பத்திரி வராந்தாவில், வடக்குப் பக்கம் திரும்பி நின்று, கொளஞ்சி இந்தப் பச்சைமலைச் சாமியிடம் வேண்டிக்கொண்டான். ரெண்டு புள்ளையும் வூடு வந்து சேந்தா வெறுங்காலோட ஏறி வந்து தேங்கா ஒடைக்கிறேன் என்று. பக்கத்தில் நின்ற அறிவரசன் அப்போதும் கும்பிடவில்லை. அவன் அப்பா சாகும்வரை கறுப்புச் சட்டை போட்டவர். சாமி என்ற சொல் அவர்கள் வீட்டில் வசவாகக்கூட வந்ததில்லை.

கபிலன் வீட்டுக்கு வந்தான். நிலாமதி வரவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு நண்பர்களும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அரியலூர் சிமெண்டு ஆலையில் எலக்ட்ரீஷியன் வேலை அறிவரசனுக்கு. ஷிப்டு முடிந்து வரும்போது கொளஞ்சியின் சோளக்கொல்லை வழியாக வராமல் சுற்றிக்கொண்டு வந்தான். எதிரே பார்த்தால் என்ன பேசுவது? பையன் எப்படி இருக்கான் என்று கொளஞ்சி கேட்டுவிட்டால், நன்றாக இருக்கிறான் என்பதை எந்த முகத்தோடு சொல்வது? இப்படியே மாதங்கள் போயின. திடீரென்று போன வாரம் கொளஞ்சி போன் செய்தான். "ஞாயித்துக்கெழம மலைக்குப் போவணும் மாப்ள. வேண்டுதல் இருக்கு. புள்ளைய மட்டும் கூட்டிட்டு வராத. என்னால பாக்க முடியாது."

"அவரு கூப்புட்டா எங்க வேணாலும் போயிட்டு வாங்க" என்றாள் அறிவரசனின் மனைவி புவனேஸ்வரி. சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

இருவர் மட்டும் போனால் வழியெல்லாம் அந்த மௌனத்தையும் சுமக்கவேண்டும் என்று பயந்து, அறிவரசன் அபுதாகிரையும் கூட்டிக்கொண்டான். மூவரும் ஐ.டி.ஐ.யில் ஒன்றாகப் படித்தவர்கள். அபுதாகிர் லப்பைக்குடிக்காட்டுக்காரன். சார்ஜாவிலிருந்து விடுப்பில் வந்திருந்தான்.

முதல் ஏற்றமே மூச்சை வாங்கியது. பாதை என்று சொல்ல ஒன்றுமில்லை. மழைத்தண்ணீர் அறுத்த வாய்க்கால்தான் பாதை. உருளும் கற்கள், கையைக் கிழிக்கும் காரைமுள், பிடித்தால் பிடுங்கிக்கொண்டு வரும் காய்ந்த புல். அபுதாகிருக்குத் தொடை பிடித்துக்கொண்டது. "ஏசியிலயே ஒக்காந்து கால் மறந்துபோச்சுடா" என்று நொண்டி நொண்டி வந்தான். கொளஞ்சி மட்டும் நிற்காமல் ஏறினான். அவன் மிதித்த பாறையில் ஓரிடத்தில் ஈரமாகச் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. அறிவரசன் அதைத் தாண்டிக் கால் வைத்தான். அதற்குப் பிறகு ஷூ போட்ட தன் கால்கள் அவனுக்கே அசிங்கமாகப் பட்டன. கழற்றினால் நடிப்பாகிவிடும் என்றும் தோன்றியது. இரண்டுக்கும் நடுவில் நடந்தான்.

உச்சிவேளையில் அபுதாகிர் ஒரு தட்டைப் பாறையில், துண்டை விரித்துத் தொழுதான். கொளஞ்சி சற்றுத் தள்ளி உட்கார்ந்து உள்ளங்காலில் ஏறிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். இருவரையும் பார்த்துக்கொண்டிருந்த அறிவரசனுக்குத் தான் மட்டும் யாரிடமும் பேச வழியில்லாமல் நிற்பதுபோல இருந்தது. ஒரே டாக்டர், ஒரே மருந்து, பக்கத்துப் பக்கத்துக் கட்டில். ஒரு உடம்பு தாங்கும், ஒரு உடம்பு தாங்காது, அவ்வளவுதான் என்று அப்பா இருந்தால் சொல்லியிருப்பார். அது உண்மைதான். ஆனால் அந்த உண்மையை எடுத்துக்கொண்டு கொளஞ்சியின் முன்னால் போய் நிற்க முடியவில்லையே. பொய் என்று தான் நினைத்திருந்த ஒன்றை நம்பி அவன்தானே கால் கிழியக் கிழிய ஏறிக்கொண்டிருக்கிறான், அதுவும் கபிலனுக்காக.

உச்சிக்குக் கீழே வழுக்குப்பாறை. குடைந்து வைத்த குழிகளில் கால் ஊன்றித்தான் ஏறவேண்டும். அறிவரசன் முதலில் ஏறிவிட்டான். பின்னால் வந்த கொளஞ்சியின் கால் ரத்தத்தில் வழுக்கியது. அறிவரசன் குப்புற விழுந்து கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தான். பிடித்துவிட்டான். ஆனால் கொளஞ்சியின் விரல்கள் மூடவில்லை. விரித்தபடி, சும்மா கிடந்தன. அவன் மேலே பார்க்கவுமில்லை. கீழே இருந்து அபுதாகிர், "டேய் புடிடா, அல்லாவுக்காகப் புடிடா" என்று கத்தினான். அதன் பிறகுதான் அந்த விரல்கள் மெல்ல மூடி அறிவரசனின் கையை இறுக்கின.

மேலே வந்து மூவரும் மல்லாந்து கிடந்தார்கள். அறிவரசன்தான் முதலில் எழுந்து உட்கார்ந்தான்.

"ஏன்டா புடிக்கல?"

"புடிச்சனே" என்றான் கொளஞ்சி. பிறகு, "தெரியல மாப்ள" என்றான்.

"உனக்கு அந்தச் சாமி மேல கோவமே இல்லையாடா?"

"இருந்துச்சு. உம்மேலயும் இருந்துச்சு." கொளஞ்சி காலைத் தடவிக்கொண்டே பேசினான். "ரெண்டு புள்ளைக்கும் ஒரே வாயாலதான் கேட்டேன். எம்புள்ளைக்கு மட்டும் கேட்டிருக்கணுமோன்னு ஒரு நாள் தோணிப்போச்சு. அப்படி நெனச்சுட்டேனேன்னு அப்பறம் சோறு எறங்கல."

"பின்ன எதுக்கு வந்த?"

"வராம இருந்தா கபிலனுக்கு எதாச்சும் ஆயிடுமோன்னு பயம். ஆனா ஆவட்டுமேன்னு நெனச்சுடுவனோன்னு அதைவிடப் பயம். அதான் வந்துட்டேன்."

அறிவரசன் தலையைக் குனிந்துகொண்டான். அபுதாகிர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் இருவருக்கும் நடுவில் வைத்தான்.

கோவில் என்பது தகரக் கூரைக்கடியில் நாலைந்து கற்களும் ஒரு வேலும்தான். இளவட்டப் பூசாரி ஒருவர் போனில் பேசிக்கொண்டிருந்தவர் இவர்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார். வாசல் மணியருகே கொளஞ்சி நின்றுவிட்டான். பையை அறிவரசனிடம் நீட்டினான்.

"நீ போயி குடு. நான் உள்ள வரல."

"நானா? எனக்கு என்ன தெரியும்?"

"உம்புள்ளைக்குத்தானடா."

அறிவரசன் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். முப்பத்தாறு வயதில் முதல் தடவை. பூசாரி தேங்காயை வாங்கி உடைத்தார். சூடம் ஏற்றினார்.

"யாரு பேருக்குங்க?"

கபிலன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"நிலாமதி."

"சின்னப் புள்ளையாங்க?"

"ஆமாங்க. ரெண்டாவது படிக்கிறா."

படிக்கிறா என்று தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. திருத்த நேரமில்லை. பூசாரி தட்டை உயர்த்தி, மலைக்கே கேட்கும் குரலில் வேண்டத் தொடங்கிவிட்டார். "நிலாமதிங்கற புள்ளைக்கு நோய்நொடி அண்டாம, தல நரைக்கிற வரைக்கும் ஆயுசு குடு சாமி."

அறிவரசன் திரும்பிப் பார்த்தான். கொளஞ்சி மணிக்கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தான். முகத்தில் என்ன இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. கோபமா, வலியா, அந்தப் பெயரை வெகுநாளைக்குப் பிறகு யாரோ உரக்கச் சொன்ன ஆறுதலா.

"எம்புள்ள பேரயா சொன்ன?"

"வாயில வந்துடுச்சுடா. ஏன்னு தெரியல."

"கபிலன் பேரச் சொல்லலையா?"

"இல்ல."

கொளஞ்சியின் முகம் வெளுத்தது. உள்ளே வரமாட்டேன் என்றவன், விறுவிறுவென்று உள்ளே வந்து அறிவரசனின் தோளைப் பிடித்துச் சாமிக்கு நேராகத் திருப்பினான். "பூசாரி, இன்னொரு பேரு விட்டுப்போச்சு. கபிலன்னு சொல்லுங்க. நல்லா சத்தமா சொல்லுங்க." சொன்னவன் கண்ணை மூடிக் கும்பிட்டான். அவன் உதடுகள் துடித்தன. பக்கத்தில் நின்ற அறிவரசனின் கைகள் பாதி தூரம் எழும்பி, அங்கேயே நின்றன.

வேண்டி முடித்த பூசாரி கேட்டார். "ரெண்டு புள்ளையும் அண்ணன் தங்கச்சிங்களா?"

வாசலுக்கு வெளியே நின்றிருந்த அபுதாகிர்தான் சொன்னான். "ஆமாங்க."

பூசாரி இலைக்கிழிசலில் இரண்டு சிட்டிகை திருநீற்றைத் தனித்தனியாக வைத்து அறிவரசனின் உள்ளங்கையில் கொடுத்தார். "ரெண்டு புள்ளைக்கும் மறக்காம பூசி விடுங்க."

வெளியே வந்தபோது உச்சியில் காற்று கிளம்பியிருந்தது. கீழே மக்காச்சோளக் காடுகளுக்கு அப்பால் பெரம்பலூர் புழுதிக்குள் மங்கலாகக் கிடந்தது. இலையின் ஓரம் படபடத்து ஒரு சிட்டிகை கலையத் தொடங்கியது. எது யாருடையது என்று அறிவரசனுக்கு அப்போதே குழம்பிவிட்டது. அபுதாகிர் பதறி வந்து இரு கையையும் குவித்துக் காற்றுக்கு மறைத்தான். கொளஞ்சியும் தன் கையை வைத்தான். மூன்று பேரும் தலைகள் முட்டிக்கொள்ளக் குனிந்து நின்றார்கள். நடுவில் கொஞ்சம் சாம்பல், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாமல் ஆளுக்கொரு பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்த கைகளுக்குள்.