ஒரு நூல் இடது

1

இந்தக் கதைக்கு விதை என் பொறாமைதான், ஒளிப்பானேன். ஓர் உள்ளரங்கப் போட்டிக்குப் போயிருந்தேன். எல்லோரும் ஆட்டத்தைப் பார்க்க, ஒருத்தி மட்டும் ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். "அவங்க திரும்பக் கூடாது சார், அதான் விதி" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். இப்படியொரு ஆள் என் எந்தக் கதையிலும் இருந்ததில்லையே என்று அந்த ஆட்டத்தின் மேல் பொறாமை வந்தது.

முதல் வரி: 'அக்காவுக்குத் தங்கை என்றால் உயிர், அவளுக்காகத் தன் வாழ்வையே' [வேண்டாம். அழுது வடிகிறது.]

2

அக்கா தையல்காரி. தங்கைக்குக் கழுத்துக்குக் கீழே அசைவில்லை. ஆட்டத்தின் பெயர் போச்சியா. (முதன்முதலில் கேட்டபோது அம்மா, "என்னடி போச்சு?" என்றாள். அன்றிலிருந்து வீட்டில் அதற்குப் 'போச்சு' என்றே பெயர்.) வெள்ளைப் பந்தை ஒட்டி யாருடைய பந்து நிற்கிறதோ, அவருக்கு வெற்றி. தங்கை சொல்கிறபடி அக்கா சாய்வுப் பலகையை நகர்த்திப் பந்தை அதன் உச்சியில் வைப்பாள். நெற்றியில் கட்டிய கோலால் தங்கை தள்ளிவிடுவாள். ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டி, தங்கையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் அக்கா வாயைத் திறக்கக் கூடாது. தலையைத் திருப்பினால் எதிராளிக்கு ஒரு பந்து கூடுதல்.

தையல் அளவுதான் இருவருக்கும் பாஷை; ஒரு நூல் என்றால் அரைக்கால் அங்குலம். "ரெண்டு நூல் வலது. போதும்."

ஊட்டுவது, குளிப்பாட்டுவது, பின்னிவிடுவது எல்லாம் அக்கா. கைதட்டல் தங்கைக்கு. அதுகூடப் போகட்டும். வீட்டுக்கு வந்ததும் தங்கை அம்மாவிடம் ஆட்டத்தை அளந்துவிடுவாள் பாருங்கள், அக்காவுக்கு வயிறு பற்றி எரியும்.

"நீயும் அங்கதானடி இருந்த?" என்பாள் அம்மா.

"இருந்தேன். சுவத்தப் பாத்துக்கிட்டு."

3

இதுவரை படித்த நண்பர் முகத்தைச் சுளித்தார். "அசைய முடியாத தங்கச்சி மேல பொறாமையா? அந்த அக்காவக் கொஞ்சம் நல்லவங்களாக்குங்க." ஆக்கிப் பார்த்தேன். பக்கம் பக்கமாகப் புன்னகைத்துக்கொண்டே இருந்தாள். கிழித்துப் போட்டேன். பொறாமை இருக்கட்டும். சோறு ஊட்டுகிற கைக்கும் அது வரும்.

4

இறுதிப் போட்டியன்று காலை, பின்னல் போடும்போது:

"ஜெயிச்சா அடுத்தது வெளிநாடு, அக்கா. அதுக்கு உனக்குப் பதிலா வேற பொண்ணக் கூட்டிட்டுப் போலாம்னு கோச் சொல்றாரு. பயிற்சி எடுத்த பொண்ணாம்."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னேன்."

அக்கா பின்னலை இழுத்தாள்.

"வலிக்குதுக்கா."

"வலிக்கட்டும்."

[இங்கே அக்காவின் கண்ணீர் என்று ஒரு வரி இருந்தது. பொய். அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. முன்பின் தெரியாத அந்தப் பெண்ணின் கையை ஒடிக்கலாம் போலிருந்தது.]

5

கடைசிப் பந்து. இதில்தான் எல்லாம். தங்கை சொன்னாள்: "ஒரு நூல் இடது."

முதல் பிரதியில் அக்கா ஒரு நூல் நகர்த்தினாள். கதை செத்துக் கிடந்தது. இந்தப் பிரதியில் அவள் கை இரண்டு நூல் நகர்த்திவிட்டது. நான் நகர்த்தச் சொல்லவில்லை.

தங்கை பலகையைப் பார்த்தாள். அவள் கண்ணுக்கு அரை நூல் பிசகினாலும் தெரியும். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தாள், ரொம்ப நேரம். அக்கா கண்ணைத் தாழ்த்தவில்லை.

"போதும்" என்றாள் தங்கை. தலையைக் குனிந்து கோலால் தள்ளினாள்.

பந்து உருளும் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்கிறது. எங்கே நிற்கப்போகிறது என்று என்னைக் கேட்காதீர்கள். பலகையை வைத்ததோடு என் வேலை முடிந்தது. நானும் அக்கா பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன், சுவரைப் பார்த்தபடி. ஆடுகளத்துக்கு நேராக இருப்பது நீங்கள்தான்.

எங்களுக்குத் தெரிவதெல்லாம் தங்கையின் முகம். அவள் பந்தைப் பார்க்கவில்லை. இன்னும் அக்காவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.