ஓரக்கண்ணில் விழுந்த முதலாளி

ஓவியக்காரிக்குக் கண்ணின் நடுப்பார்வை போய் எட்டு வருடம். நேராகப் பார்த்தால் எதிராளியின் முகம் இருக்கும் இடத்தில் சாம்பல் புகைதான். ஓரப்பார்வை மட்டும் பிழைத்திருந்தது. ஆகவே ஒருவரைப் பார்க்க வேண்டுமானால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். கண்காட்சிக்கூட முதலாளியிடம் இதை மூன்று முறை சொல்லியாயிற்று. மனிதர் காதில் போட்டுக்கொண்டால்தானே!

வாசலில் அவர் வைத்திருந்த பலகை: ‘பார்வையற்றவரின் அகக்கண் அதிசயங்கள்’.

“அதை எடுத்துடுங்க சார். வர்றவங்க என் தலையைத் தடவிக் குடுத்துட்டுப் போறாங்க. படத்தை யாரும் பார்க்கிறதே இல்லை.”

“பரிதாபம்தாம்மா கூட்டத்தை இழுக்குது. எடுத்தா ஈ ஓட்ட வேண்டியதுதான். நீ முதல்ல என் படத்தை வரை. நடுக்கூடத்துல மாட்டணும்.”

மறுநாள் மனைவியோடு வந்து உட்கார்ந்தார். ஓவியக்காரி தூரிகையை எடுத்துக்கொண்டு, வழக்கம்போல ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஆள் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்றுகூடத் தெரியவில்லை பாவம் என்று முதலாளிக்குக் குஷி பிறந்துவிட்டது. கண்ணை இறுக மூடி, நாக்கைத் துருத்தி, இரண்டு கையாலும் காற்றைத் தடவி, மனைவிக்கு ஒரு நாடகமே நடத்திக் காட்டினார். அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

அசைகிற எதையும் ஓரக்கண் விடாது. ஓவியக்காரிக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. தூரிகையை நன்றாக நனைத்துக்கொண்டாள்.

“மங்கலா ஏதோ இருக்கும், திறப்புவிழாவுல பார்த்துக்கலாம்” என்று முதலாளி படத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. விழாவில் துணியை விலக்கினார்கள். மூடிய கண், துருத்திய நாக்கு, தடவும் கைகள். காதோரத்தில் சாயம் போன நரைகூடத் தப்பவில்லை.

“ஐயோ, அன்னிக்கு நீங்க பண்ணிக் காட்டினது அப்படியே இருக்குங்க!” என்று மனைவி அடக்க மாட்டாமல் சிரித்தாள்.

கூட்டத்தில் ஒருவர், “அகக்கண்ணுக்கு உங்க மனசு இப்படியா சார் தெரியுது?” என்றார்.

“மனசாவது மண்ணாவது! இந்தம்மாவுக்குக் கண்ணு நல்லாவே தெரியுது. எல்லாரையும் ஏமாத்திட்டாங்க!” என்று கத்திய முதலாளி, வாசலுக்கு ஓடித் தன் கையாலேயே பலகையைப் பிடுங்கினார்.

பட்ட பரிதாபமெல்லாம் வீணாய்ப் போன கோபத்தில் பாதிப் பேர் கிளம்பிப் போனார்கள். மீதிப் பேர் வேறு வழியில்லாமல் சுவரைப் பார்த்தார்கள். மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் ஒரு படத்தின் முன் வெகுநேரம் நின்றுவிட்டு அவளிடம் வந்தார்.

“அந்த ஆத்துப் படத்துல நீலம் சரியில்லைங்க. ரொம்ப அடிச்சிருக்கீங்க.”

எட்டு வருடத்தில் அவள் படத்தைக் குறை சொன்ன முதல் ஆள். சந்தோஷத்தில் முகத்தை வேறு பக்கம் திருப்பி அவரை நன்றாகப் பார்த்தாள்.

“எந்த இடத்துல?” என்று சண்டைக்குத் தயாரானாள்.