லாண்டரியில் கழிந்த சனிக்கிழமைகள்

ரூஸ்வெல்ட் அவென்யூவில் ரயில் தலைக்கு மேலே ஓடும். அதன் கீழே ஒரு மீன்கடை. கடைக்கு மேல்மாடியில் அந்த டியூஷன் சென்டர் இருந்தது. நகரத்தின் மூன்று அறிவியல் பள்ளிகளுக்கும் சேர்த்து நடக்கும் ஒரே நுழைவுத் தேர்வுக்கு அங்கே பயிற்சி கொடுத்தார்கள். ஹோஸ்னே ஆராவுக்கு இப்போது எழுபது வயது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் இன்றும் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பாள். மீன்கடையும் இல்லை, சென்டரும் இல்லை. செல்போன் கடை ஒன்று இருக்கிறது.

தொண்ணூற்றைந்தாம் வருடக் குளிர்காலம். மகள் ஷியூலி ஏழாம் வகுப்பு. சனிக்கிழமைதோறும் நான்கு மணி நேர வகுப்பு. பனியில் வீட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் பாதி நேரம் போய்விடும் என்பதால், மீன்கடைக்குப் பக்கத்தில், காசு போட்டு நாமே மெஷினில் துவைத்துக்கொள்ளும் லாண்டரிக்குள் ஹோஸ்னே ஆரா ஒதுங்கினாள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. ஆனால் துணி போடாதவர்களை அதன் முதலாளி உட்கார விடமாட்டார். அவள் முழித்துக்கொண்டு நின்றபோது, பெஞ்சில் இருந்த சீனத்துப் பெண் ஒருத்தி தன் பையிலிருந்து இரண்டு துண்டை எடுத்து நீட்டினாள்.

"போடு. துவைச்ச துண்டுதான். சும்மா சுத்தட்டும்."

அப்படித்தான் சவ்யிங் பழக்கமானாள். அவள் மகன் வில்சனும் மேலே அதே வகுப்பில் இருந்தான். மற்ற வங்காளத் தாய்மார்கள் ஹோஸ்னே ஆராவை "ஆபா" என்று கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் பெயர் என்று சவ்யிங் நினைத்துவிட்டாள். "ஆபான்னா அக்கான்னு அர்த்தம்" என்று இவள் விளக்கியது நான்கு மாதம் கழித்து. "அப்படியா? நான் உன்னைவிட மூணு வயசு பெரியவ. நீதான் என்னை அப்படிக் கூப்பிடணும்" என்று சவ்யிங் சிரித்தாளே தவிர, பழக்கத்தை விடவில்லை. இருவருக்கும் தெரிந்த ஆங்கிலம் கைப்பிடியளவுதான். அது போதுமானதாக இருந்தது.

ஒருநாள் ஷியூலி விட்டுப்போன கணக்குத்தாள் ஹோஸ்னே ஆராவின் பைக்குள் கிடந்தது. பொழுது போகாமல் எடுத்துப் பார்த்தாள். நான்கு பேர் ஐந்து மணி நேரத்தில் அறுபது சட்டை தைத்தால், ஆறு பேர் எட்டு மணி நேரத்தில் எத்தனை சட்டை தைப்பார்கள்? ஓரத்தில் பென்சிலால் போட்டாள். நூற்று நாற்பத்து நான்கு.

தையல் ஃபேக்டரியில் வேலை பார்த்த சவ்யிங் எட்டிப் பார்த்தாள். "ஆளுக்கு மணிக்கு மூணே மூணு சட்டையா? எங்க சூப்பர்வைசர் இவங்களை அன்னிக்கே துரத்தியிருப்பான்!" பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "நீ எப்படி இவ்வளவு சீக்கிரம் போட்டே?"

ஹோஸ்னே ஆராவுக்கே அது ஆச்சரியமாகத்தான் இருந்தது. வங்காளத்தில் தன் ஊரான ஹபிகஞ்சில் அவள் மெட்ரிக் எழுத வேண்டிய வருடம், எழுபத்தொன்றில், விடுதலைப் போர் வந்தது. பள்ளிக்கூடம் ராணுவ முகாமானது. அடுத்த வருடம் கல்யாணம். அதற்குப் பிறகு அவள் ஒரு கணக்குக்கூடப் போட்டதில்லை.

அன்றிலிருந்து சனிக்கிழமை என்றால் கணக்குதான். யார் முதலில் போடுவது என்று போட்டி. தோற்றவள் டீ வாங்க வேண்டும். பெரும்பாலும் சவ்யிங்தான் வாங்கினாள். வகுப்பு முடிந்து இறங்கி வரும் ஷியூலிக்கு மானம் போகும்.

"அம்மா, சத்தம் போடாதே. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்டி. பதினேழாம் கணக்குல நீ போட்டது தப்பு, தெரியுமா?"

அடுத்த இலையுதிர் காலத்தில் தேர்வு வந்தது. அந்த மூன்றில் ஒன்றான ஆற்றங்கரைப் பள்ளியில்தான் தேர்வு; அதைச் சுற்றிப் பிள்ளைகளின் வரிசை இரண்டு தெருவுக்கு நீண்டது. பிள்ளைகள் உள்ளே போனதும் இருவரும் நடைபாதையில் நின்றபடியே, கடுகெண்ணெய் பிசறிய முரி என்ற அரிசிப் பொரியையும் சவ்யிங் கொண்டுவந்த பன்னையும் பகிர்ந்து சாப்பிட்டார்கள். காற்று வெட்டியது. அன்று இருவரும் கணக்கைப் பற்றிப் பேசவில்லை.

மார்ச்சில் முடிவு வந்தது. வில்சனுக்கு இடம் கிடைத்தது. ஷியூலிக்கு நான்கு மதிப்பெண் குறைந்துபோனது.

ஷியூலி ஒரு நாள் அழுதாள். மறுநாள் எழுந்து பள்ளிக்குப் போய்விட்டாள். ஹோஸ்னே ஆராவால்தான் எழ முடியவில்லை. சவ்யிங் இரண்டு முறை போன் செய்தாள். "அம்மா தூங்குறாங்கன்னு சொல்லு" என்று ஹோஸ்னே ஆரா மகளிடம் கையைக் காட்டினாள். சவ்யிங்கின் மேல் கோபமில்லை. அவள் சந்தோஷத்தை நேருக்கு நேர் பார்க்கும் தைரியம்தான் இல்லை.

நான்காவது சனிக்கிழமை காலையில் அவள் கால்கள் தானாகவே லாண்டரிக்குப் போயின. அதே பெஞ்சில் சவ்யிங் உட்கார்ந்திருந்தாள். வில்சனுக்கு வகுப்பு முடிந்துபோய் எத்தனையோ மாதமாகிவிட்டது.

"நீ இங்க என்ன பண்றே?"

"நீ வருவேன்னு மூணு சனிக்கிழமையா இதே துண்டைத் துவைக்கிறேன்" என்றாள் சவ்யிங். "சாயமே போயிடுச்சு. எங்கடி போயிருந்தே?"

ஹோஸ்னே ஆரா அவள் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். அழுகை நின்ற பிறகு, ஒன்பதாம் வகுப்பில் ஷியூலி இன்னொரு முறை தேர்வு எழுதலாம் என்று சவ்யிங் விசாரித்து வந்ததைச் சொன்னாள். ஹோஸ்னே ஆரா இல்லையென்று தலையாட்டினாள். "கேட்டுட்டேன். வேணாங்கறா. எனக்காகத்தான் இவ்வளவு நாள் படிச்சாளாம்."

சவ்யிங் எழுந்து மெஷினிலிருந்து துண்டை எடுத்தாள். பிறகு சொன்னாள்: "சரி, அவளுக்கு வேணாம். உனக்கு வேணும்தானே? நீ எழுது."

"எனக்கு நாப்பத்தொண்ணு!"

"லைப்ரரில பெரியவங்களுக்கு வகுப்பு நடத்துறாங்க. ஸ்கூல் முடிச்ச சர்ட்டிஃபிகேட் தருவாங்க. நான் கூட வரேன். எனக்கு இங்கிலீஷ், உனக்கு கணக்கு."

இங்கிலீஷ் கட்டுரையில் ஹோஸ்னே ஆரா இரண்டு முறை தோற்றாள். மூன்றாவது முறை தேறினாள். கணக்கில் எடுத்த மதிப்பெண்ணை ஷியூலி உரக்கப் படித்துவிட்டு, "அம்மா, நீ போயிருந்தா அந்த ஸ்கூல்ல உனக்கு இடம் கிடைச்சிருக்கும்" என்றாள். அதில் கேலி இல்லை. தன் பள்ளியில் அவள் மகிழ்ச்சியாகவே படித்தாள், பின்னாளில் மருந்தாளுநரானாள்.

ஹோஸ்னே ஆரா அரசுப் பள்ளி ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்து பத்தொன்பது வருடம் வேலை பார்த்தாள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பின்னம் புரியாமல் விழித்துக்கொண்டிருந்த ஒரு சிறுமியின் பக்கத்தில் குட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்தக் கணத்தில், இருபத்தெட்டு வருடத்துக்கு முன் மூடப்பட்ட தன் ஹபிகஞ்ச் பள்ளிக்கூடத்தின் வாசனை அவள் மூக்கில் ஏறியது.