கை நழுவிவிட்டது என்றார்

என்னைக் கல்யாணம் செய்து மாண்ட்ரியலுக்கு அழைத்து வந்த வருஷம் 1967. உலகமே கண்காட்சி பார்க்க இந்த ஊருக்கு வந்துகொண்டிருந்தது. நான் மட்டும் ஞாயிறுதோறும் லாசாலில் ஒரு மைதானத்து ஓரம், பலகை பெஞ்சில் உட்கார்ந்து புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புல்லின் கோடியில் தோல் கையுறை மாட்டிக்கொண்டு நின்றவர் என் வீட்டுக்காரர் உமாபதி.

இவர் சென்ட் லோரன்ட்டில் விமான உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் இன்ஜினியர். மற்றபடி பேஸ்பால். பெரிய கிளப் எதற்கும் சொந்தமில்லாமல் தனியாக நடந்த ஒரு லீக் அது. தீயணைப்புக்காரர், பள்ளி வாத்தியார், லாரி ஓட்டுகிறவர் என்று ஆளுக்கொரு பிழைப்பைப் பார்த்துவிட்டு வந்து ஆடுவார்கள். கிடைக்கிற காசு பெட்ரோலுக்கும் பீருக்கும் சரியாக இருக்கும். இவர் பீர் குடிக்காததால் எனக்கு ஐஸ்கிரீம் கிடைத்தது. இவருடைய இடம் வலது மூலை. அவுட்ஃபீல்டர் என்பார்கள். கிரிக்கெட்டில் பவுண்டரிக் கோட்டோரம் ஒருவரை நிறுத்துவோமே, கிட்டத்தட்ட அந்த வேலைதான். பந்து வந்தால் வரும். வராத நாளில் இரண்டரை மணி நேரம் சும்மா நிற்க வேண்டும். சும்மா நிற்பதற்கு ஒரு மனுஷன் இவ்வளவு சுத்தமாகச் சீருடையை இஸ்திரி போட்டுக்கொள்வானா என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

இவர் சென்னையில் படித்தபோது காலேஜ் கிரிக்கெட் டீமில் இருந்தவர். நான் வருவதற்கு முந்தைய வருஷம், லாசாலில் குடியேறிய புதிதில், மாலையில் வேடிக்கை பார்க்கப் போனவரை ஆள் குறைகிறது என்று உள்ளே இழுத்திருக்கிறார்கள். வந்த முதல் பந்தை இவர் கையுறையைக் கழற்றி வீசிவிட்டு இரண்டு வெறுங்கைகளாலும் பிடித்தார். பந்தை அடித்துவிட்டு மட்டையைக் கீழே போடாமல் கையோடு தூக்கிக்கொண்டு ஓடினார். மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. அந்த சீசன் முழுக்க இவருக்குப் பெயரே கிடையாது. கிரிக்கெட் என்றுதான் கூப்பிட்டார்கள். ஏய் கிரிக்கெட், பந்து வருது பார். ஏய் கிரிக்கெட், டீ குடிக்கும் நேரம் ஆகலையா.

இதை எனக்குச் சொன்னது ரேஜான். இவர் அல்ல. ரேஜான் அந்த அணியின் பந்துவீச்சாளர். எங்கள் தெருமுனையில் டெப்பானர் வைத்திருந்தார்; பால், ரொட்டி, சிகரெட், பீர் எல்லாம் கிடைக்கும் மூலைக்கடை. பாதி பிரெஞ்சும் பாதி இங்கிலீஷுமாகப் பேசுவார். என் காதில் விழுந்தபடி எழுதுகிறேன். ஒருநாள் எங்கள் வீட்டில் புளியோதரையை மூன்றாம் தடவை போட்டுக்கொண்டே இந்தக் கதையை நடித்துக் காட்டினார். நான் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. தட்டைக் கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு ரேஜான் அந்தக் கதையை எங்கள் வீட்டில் எடுத்ததே இல்லை.

இவருக்கு அந்தப் பெயர் அவ்வளவு ஆழமாகக் குத்தியிருந்தது. ஆபீஸ் முடிந்து வந்து சுவரில் பந்தை எறிந்து எறிந்து ஒற்றைக் கையால் பிடித்துப் பழகினார். கீழ்வீட்டு அம்மாள் துடைப்பத்தால் கூரையைத் தட்டும்வரை நிறுத்த மாட்டார். மட்டையை உதறிவிட்டு ஓட, காலை முன்னால் நீட்டிச் சறுக்க, மற்ற ஆட்டக்காரர்கள் மெல்லும் புகையிலைக்குப் பதிலாக ஏலக்காய் மென்று துப்பக்கூடப் பழகினார். இரண்டாவது சீசனிலிருந்து எல்லோருக்கும் இவர் 'ஊமா' ஆகிவிட்டார். கிரிக்கெட் பற்றி யார் பேசினாலும் அந்த இடத்திலிருந்து நகர்ந்துவிடுவார். சென்னையிலிருந்து என் அண்ணன் டெஸ்ட் மேட்ச் செய்தி எழுதினால், அந்தப் பத்தியை மட்டும் படிக்காமல் தாண்டுவார். எனக்கு இது கொஞ்சம் அதிகமாகப் பட்டது. சொன்னால் கேட்கிற ஆளா.

வருஷங்கள் ஓடின. 1969இல் ஊருக்குப் பெரிய லீக் அணி வந்தது. கூட்டமெல்லாம் அது ஆடிய ஜாரி பார்க்குக்குப் போயிற்று. எங்கள் பெஞ்சில் நானும் நாலைந்து பெண்களும் ஒரு நாயும் மிச்சம். எங்களோடு வந்த தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாக டொலார்ட் பக்கம் தோட்டம் வைத்த வீடு வாங்கிப் போனார்கள். இவர் மைதானத்தை விட்டு அவ்வளவு தூரம் வர மாட்டேன் என்றார். நாங்கள் அதே வாடகை ஃபிளாட்டில் கிடந்தோம். சில ஞாயிறுகளில் அவர்கள் வீட்டுப் பூஜைக்கும் சாப்பாட்டுக்கும் நான் தனியாகப் போய் நிற்பேன். "இன்ஜினியர் சார் இன்னிக்கும் புல்லுக்குக் காவலா?" என்று அங்கே வரும் டாக்டர் ஸ்ரீகுமார் கேட்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, ஆமாம், நல்ல புல் என்பேன். வெளியே விட்டுக்கொடுக்க முடியுமா?

இந்தப் பன்னிரண்டு சீசனில் அந்த அணி ஒரு தடவைகூடக் கோப்பை வாங்கவில்லை. ரேஜானுக்கும் இவருக்கும் நாற்பது நெருங்கிவிட்டது. ரேஜானின் தோள்பட்டை போய்விட்டது. மேட்ச் முடிந்தால் மறுநாள் கடையில் பால் பெட்டி தூக்க முடியாது. இவருடைய கம்பெனி டொரான்டோவுக்கு மாறப்போவதாகப் பேச்சு வந்தது. 1977தான் கடைசி சீசன் என்று இரண்டு பேருமே முடிவு செய்திருந்தார்கள். அந்த வருஷம் பார்த்து இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள்.

செப்டம்பர் மாத மதியம். பெஞ்சு நிறைந்து ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நான் வழக்கம்போல வலது மூலை வேலிக்கு அருகில், இவருக்குப் பின்னால். வேலி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. குளிர்காலத்தில் பனியைத் தடுக்க நிறுத்துகிற மரச்சட்ட வேலி, இடுப்பு உயரம். கடைசிச் சுற்று. எங்களுக்கு ஒரு ரன் முன்னிலை. எதிரணியில் இரண்டு பேர் அவுட்; இரண்டு பேர் ஓடத் தயாராக நிற்கிறார்கள். இன்னும் ஒருவர் அவுட்டானால் கோப்பை எங்களுக்கு. ரேஜான் தோளைத் தேய்த்துக்கொண்டு வீசினார். அடித்தவன் பந்தை வலது மூலைக்குத் தூக்கினான்.

இவர் மைதானத்துக்கு முதுகைக் காட்டி ஓடி வந்தார். வேலியோரம் எம்பினார். பந்து கையுறைக்குள் போய் உட்கார்ந்த சத்தம் எனக்குக் கேட்டது. இடுப்பு வேலியில் இடித்து, உடம்பு இந்தப் பக்கம் சாய்ந்தது. சாய்கிற அந்த நொடியில் இவர் முழங்கையை மடக்கி, பந்தை மைதானத்துக்குள் விசிறிவிட்டு, என் காலடியில் தலைகுப்புற விழுந்தார்.

கிரிக்கெட் பார்த்தவர்களுக்கு இது புரியும். பந்தோடு எல்லைக்கு வெளியே விழுந்தால் சிக்ஸர். பந்தை உள்ளே எறிந்துவிட்டு விழுகிறவன்தான் நல்ல ஃபீல்டர். பேஸ்பாலில் அப்படி இல்லை. பிடித்த பந்தை விடாமல் கட்டிக்கொண்டு வேலிக்கு வெளியே உருண்டாலும் அவுட். இது இவருக்குத் தெரியாதா? பன்னிரண்டு வருஷமாகத் தெரியும். கைக்கு மட்டும் அந்த ஒரு நொடி தெரியவில்லை.

புல்லில் கிடந்த பந்தை எடுக்க ஆள் ஓடி வருவதற்குள் எதிரணி இரண்டு ரன்னும் எடுத்துவிட்டது. நடுவர் ஓடி வந்தார். அவருக்கும் குழப்பம். பந்து கையுறையில் பட்டுத் தெறித்ததா, பிடித்த பிறகு எறியப்பட்டதா என்று தூரத்திலிருந்து தெரியவில்லை. பிடித்த பந்தை எவன் தூக்கிப் போடுவான்? அவர் பின்னாலேயே ரேஜானும் மூச்சு வாங்க வந்து நின்றார். இவர் எழுந்து முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.

நடுவர் கேட்டார், "நழுவிடுச்சா, நீயா எறிஞ்சியா?"

இவர் ரேஜானைப் பார்த்தார். பின்னால் ஓடி வந்துகொண்டிருந்த மற்றவர்களைப் பார்த்தார்.

"கை நழுவிடுச்சு" என்றார்.

நடுவர் தலையாட்டிவிட்டுப் போனார். ஆட்டம் முடிந்தது. ரேஜான் இவர் தோளில் கை போட்டு, "போகட்டும் விடு ஊமா" என்று சொல்லிக்கொண்டே மைதானத்தின் குறுக்கே கூட்டிப் போனார்.

காரில் ஏறியதும் நான் கேட்டேன். "நீங்க எறிஞ்சீங்க. நான் பார்த்தேன்."

"நழுவிடுச்சுன்னு சொல்றேனில்ல."

"எங்கிட்டயேவாங்க? கிரிக்கெட் ஆடற அண்ணனுக்குத் தங்கச்சி நான். அந்த முழங்கை மடங்கினது எனக்குத் தெரியாதா?"

கால்வாய்ப் பாலத்துக்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டினார். "எறிஞ்சேன்னு சொன்னா என்ன சொல்லுவாங்க, சியாமளா? பன்னெண்டு வருஷம் கழிச்சும் கிரிக்கெட்காரன் கிரிக்கெட்காரன்தான்னு சொல்லுவாங்க. கை நழுவறது எல்லாருக்கும் நடக்கிறது. இது எனக்கு மட்டும்தான் நடக்கும்."

"ரேஜான்கிட்டயாவது சொல்லுங்க."

"சொல்லி என்ன ஆகப் போகுது? ரெண்டுலயும் தோல்விதானே."

நழுவினாலும் எறிந்தாலும் அவுட் இல்லை என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்தோம். எனக்குக் கோபம்தான். ஆனாலும் அந்தக் குளிர்காலம் முழுக்க இவர் தூக்கத்தில் முழங்கையை மடக்குவதைப் பார்த்தபோது வாயைத் திறக்க மனம் வரவில்லை.

ஏப்ரலில் மாற்றல் உறுதியாயிற்று. வீடெல்லாம் அட்டைப்பெட்டி. ஒரு சனிக்கிழமை மதியம் ரேஜான் விடைபெற வந்தார். எனக்கு ஒரு டப்பா மேப்பிள் பாகும் இவருக்கு இஞ்சி சோடாவும் கொண்டு வந்திருந்தார். காபி போட்டுக் கொடுத்தேன். பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து, யார் யார் அடுத்த சீசனுக்கு வருகிறார்கள் என்று பேசிக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில்தான் அது வந்தது.

"போன வாரம் அந்த நடுவர் கடைக்கு வந்தார். இன்னும் அதையே பேசறார். அவன் எறிஞ்சேன்னு மட்டும் சொல்லியிருந்தா அவுட் கொடுத்திருப்பேன், பிடிச்சு, தானா விட்டா அது கேட்ச்தான், விதி அப்படின்னார். கொடுக்கணும்னுதான் அவ்வளவு தூரம் ஓடி வந்தாராம்." ரேஜான் சிரித்தார். "நான் சொன்னேன், ஊமா எறிஞ்சிருந்தா எறிஞ்சேன்னு சொல்லியிருப்பான். நழுவிடுச்சுன்னான்னா நழுவிடுச்சு. கடையில அதைப் பத்தி வாயைத் திறந்தவங்க எல்லார்கிட்டயும் சண்டை போட்டேன். என் தம்பியோட பேச்சுவார்த்தையே இல்லை. அந்தக் கை எனக்காக எத்தனை பந்தைப் பிடிச்சுக் கொடுத்திருக்கு, ஒண்ணு நழுவினா என்னடான்னு கேட்டேன்."

நான் இவரைப் பார்த்தேன். இவர் முகத்தில் ரத்தமே இல்லை. கையிலிருந்த கோப்பையைத் தன் வாயாலேயே விட்டிருக்கிறார். நான் வேண்டாம் என்று கண்ணால் சொன்னேனா, சொல்லுங்கள் என்று சொன்னேனா, எனக்கே நினைவில்லை.

"எறிஞ்சேன், ரேஜான்" என்றார் இவர்.

ரேஜானுக்கு முதலில் புரியவில்லை. இவர் எல்லாவற்றையும் சொன்னார். முழங்கையை மடக்கிக் காட்டினார். தானாக எறிந்தாலும் அவுட்தான் என்கிற விதி தெரியாது என்றார். தெரிந்திருந்தாலும் அந்த நேரம் வாய் வந்திருக்குமா என்று நிச்சயமில்லை என்றும் சொன்னார். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். எல்லோரும் மறுபடி சிரிப்பார்கள் என்று பயந்தேன் என்றார்.

ரேஜான் காபியைப் பெட்டிமேல் வைத்தார். "யார் சிரிச்சிருப்பா? பேர் சொல்லு."

இவரிடம் பெயர் இல்லை. எப்படி இருக்கும்?

"முதல் வருஷம் நானும் சிரிச்சேன். ஒத்துக்கறேன். அப்புறம்?"

ரேஜான் கோட்டை எடுத்துக்கொண்டார். திட்டவில்லை, கதவை அறையவில்லை. நான்தான் பின்னாலேயே படியிறங்கிப் போனேன். வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது.

"கோப்பைக்காக இல்லை, மதாம்" என்றார். "அது தகரம். என் அம்மா செத்தப்ப சவப்பெட்டியைத் தூக்க ஆறு பேரைக் கூப்பிட்டேன். அஞ்சு பேர் ரத்த சொந்தம். ஆறாவது இவன்."

எனக்கு அந்த பிப்ரவரி நினைவுக்கு வந்தது. சர்ச் வாசலில் பனி உறைந்து கிடந்தது. கடன் வாங்கிய கறுப்பு கோட்டில், கால் வழுக்காமல் ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்து இவர் தோள் கொடுத்தார். நம்மில் தோள் கொடுப்பவர் யார் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"நாங்க இவனை உள்ளே எடுத்துக்கிட்டோம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றார் ரேஜான். "இவனுக்கு நாங்கதான் கடைசிவரைக்கும் வெளியாளுங்க."

நல்லபடி போய்ச் சேருங்கள் என்று சொல்லி என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, தெருவைக் கடந்து கடைக்குள் போனார். நான் மேலே ஏறி வந்தேன். இவர் ஜன்னலருகே நின்று அந்தக் கடை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னான்?" என்று கேட்டார்.

பதினோரு வருஷக் கோபமும் நாக்கு நுனியில் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு அதில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. பாவமாக இருந்தது, கோபத்தைவிட அதைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

"நல்லபடி போய்ச் சேரச் சொன்னார்" என்றேன்.